தலைநகரம் வந்த வழியில்: மதுரையிலிருந்து திருவனந்தபுரத்துக்கு ஒரு வார இறுதிப் பயணம்

மதுரையிலிருந்து சனிக்கிழமை விடியுமுன் காரில் கிளம்பி, திருவனந்தபுரத்தைப் பார்த்துவிட்டு ஞாயிறு இரவுக்குள் வீடு திரும்ப முடியுமா? ஏறக்குறைய 300 கிலோமீட்டர், ஒரு வழிக்கு ஆறு, ஆறரை மணி நேரம். போய்வரலாம் என்பதில் சந்தேகமே இல்லை. ஆனால் அப்படிப் போய்வருகிற பலருக்கு ஒரு கோயில் வரிசையும் கோவளம் கடற்கரையும்தான் நினைவில் நிற்கின்றன. இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகத் தலைநகராக இருக்கும் ஒரு ஊருக்குப் போய்வந்த நிறைவு கிடைப்பதில்லை. எங்கள் குடும்பம் அண்மையில் செய்த பயணத்தில் அந்த நிறைவு கிடைத்தது. அதற்கு என்ன காரணம், எந்த முடிவு உதவியது, எங்கே நேரம் வீணானது என்று இங்கே பிரித்துப் பார்க்கிறேன். இதே பாதையில் கிளம்பப்போகிறவர்களுக்குப் பயன்படும்.

முதலில் என் முடிவைச் சொல்லிவிடுகிறேன். திருவனந்தபுரத்தைத் திருவனந்தபுரத்தில் தொடங்கக் கூடாது. பத்மநாபபுரத்தில் தொடங்க வேண்டும். திருவிதாங்கூர் அரசின் தலைநகரம் 1795 வரை பத்மநாபபுரம்தான். அதற்குப் பிறகுதான் கார்த்திகைத் திருநாள் ராமவர்மா காலத்தில் வடக்கே திருவனந்தபுரத்துக்கு மாறியது. அந்தப் பழைய தலைநகரம் இன்று தமிழ்நாட்டில், கன்னியாகுமரி மாவட்டத்தில், தக்கலைக்குப் பக்கத்தில் இருக்கிறது. விமானத்தில் வருகிறவர் நேராகக் கடைசி அத்தியாயத்தில் இறங்குகிறார். தெற்கிலிருந்து சாலையில் வருகிறவருக்கு அந்த அரசின் கதை அது நடந்த வரிசையிலேயே கிடைக்கிறது.

யார் போனோம், எதற்கு எதை ஒதுக்கினோம்

வண்டியில் அம்மா, அக்கா, அத்தான், அக்கா மகள், நான். அம்மாவுக்கு எழுபது தாண்டிவிட்டது, முழங்கால் வலி உண்டு. அக்கா மகள் கட்டிடக்கலை படிக்கிறாள். ஆளுக்கொரு ஆசை. "பத்மநாபனைச் சேவிச்சுட்டாப் போதும்ப்பா, மத்தது உங்க இஷ்டம்" என்பது அம்மாவின் நிபந்தனை. "மாமா, ஆர்க்கிடெக்ட் லாரி பேக்கர் கட்டின காபி ஹவுஸை மட்டும் விட்டுடாதீங்க" என்றாள் மருமகள். அத்தானுக்கு ராத்திரியில் வண்டி ஓட்டுவது பிடிக்காது. அக்கா, கசவுப் புடவை எடுக்க வேண்டும் என்று மட்டும் சொன்னாள்.

இந்த ஆசைகளை விடப் பெரிய கட்டுப்பாடு கதவுகள். பத்மநாபபுரம் அரண்மனை காலை 9 மணிக்குத் திறந்து மதியம் 1 மணிக்குச் சாத்துகிறது, 2 மணிக்கு மறுபடி திறக்கிறது. திங்கள் விடுமுறை. பத்மநாபசுவாமி கோயில் மதியம் 12 மணி வாக்கில் நடை சாத்தினால் மாலை 5 மணிக்குத்தான் திறப்பு. அப்போதும் தொடர்ச்சியாகத் திறந்திருக்காது, பூஜைக்காக நடுவில் அடைப்பார்கள். குதிரமாளிகை, நேப்பியர் அருங்காட்சியகம் இரண்டுக்கும் திங்கள் விடுமுறை. ஆக, சனி காலை அரண்மனை, சனி மாலை கோயில், ஞாயிறு முற்பகலில் மற்றவை என்று கதவுகளே வரிசையைச் சொல்லிவிட்டன. இதைத் தலைகீழாக, அதாவது திரும்பி வரும்போது அரண்மனையைப் பார்த்துக்கொள்ளலாம் என்று வைத்தால், ஞாயிறு மதிய அடைப்பில் மாட்டிக்கொள்ள நேரும். ஊருக்குத் திரும்பும் அவசரத்தில் அந்த மாதிரி இடத்தைப் பார்ப்பதும் நியாயம் இல்லை.

ஆரல்வாய்மொழி வரை

காலை 4.30க்குக் கிளம்பினோம். விருதுநகர், கோவில்பட்டி, திருநெல்வேலி புறவழி, நாங்குநேரி, வள்ளியூர் என்று நான்குவழிச் சாலையில் சொல்ல ஒன்றும் இல்லை. நன்றாக ஓடியது. திருநெல்வேலியைத் தாண்டித் தேநீருக்கு மட்டும் நிறுத்தினோம். காவல்கிணற்றில் கன்னியாகுமரிச் சாலையை விட்டு நாகர்கோயில் பக்கம் திரும்பியதும் நிலமே மாறுகிறது. முப்பந்தலில் கண்ணுக்கு எட்டிய தூரம் காற்றாலைகள். அதைத் தாண்டினால் ஆரல்வாய்மொழிக் கணவாய்.

இந்தக் கணவாய்தான் பழைய திருவிதாங்கூரின் கிழக்கு வாசல். மலைக்கும் மலைக்கும் நடுவே மதிலும் கொத்தளமும் கட்டிக் காவல் வைத்திருந்தார்கள். 1809ல் திருவிதாங்கூரின் திவானாக இருந்த வேலுத்தம்பி தளவாய் ஆங்கிலேயருக்கு எதிராகக் கிளம்பியபோது, கும்பினிப் படை இந்த அரணை உடைத்துத்தான் உள்ளே புகுந்தது. இப்போது நாம் வண்டியின் வேகத்தைக்கூடக் குறைக்காமல் கடந்துவிடுகிறோம். மேற்கே இறங்கியதும் காற்றில் ஈரம், வயல், வாழை, தென்னை. திருவிதாங்கூருக்கு நெல் கொடுத்த நாஞ்சில் நாடு இது. தோவாளையில் அம்மாவும் அக்காவும் பூ வாங்கினார்கள். அதிகாலைச் சந்தை முடிந்து மிச்சக் குவியல்தான் இருந்தது. அதுவே எங்கள் வண்டி முழுக்க மணத்தது.

நாகர்கோயிலில் இட்லி சாப்பிட்டுவிட்டு, அத்தானிடமிருந்து வண்டியை நான் வாங்கிக்கொண்டேன். இதைக் குறிப்பாகச் சொல்லக் காரணம் உண்டு. நாகர்கோயிலுக்கும் திருவனந்தபுரத்துக்கும் நடுவே 70 கிலோமீட்டர்தான், ஆனால் பழைய சாலையில் ஊர் விட்டால் ஊர். வில்லுக்குறி, தக்கலை, மார்த்தாண்டம், குழித்துறை, களியக்காவிளை என்று கடைத்தெருக்களின் நடுவிலேயே போக வேண்டும். முதல் 240 கிலோமீட்டரை ஓட்டியவரே இதையும் ஓட்டினால் மாலையில் கோயில் வரிசையில் நிற்க அவருக்குத் தெம்பு இருக்காது. ஓட்டத் தெரிந்த இரண்டு பேர் இல்லாமல் இந்த இரண்டு நாள் திட்டத்தை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

பத்மநாபபுரம்

9 மணி சுமாருக்கு அரண்மனை வாசலில் இருந்தோம். கூட்டம் இல்லை. 10.30க்கு மேல் பள்ளிக்கூடப் பேருந்துகள் வந்து சேர்ந்தபோது, சீக்கிரம் வந்ததன் அருமை தெரிந்தது.

1601ல் இரவிவர்ம குலசேகரப் பெருமாள் காலத்தில் கட்டத் தொடங்கிய இந்தக் கொட்டாரத்தை, 1729 முதல் 1758 வரை ஆண்ட மார்த்தாண்ட வர்மா விரிவாக்கி இன்றைய உருவத்துக்குக் கொண்டுவந்தார். அரண்மனை என்றதும் கல்லையும் கோபுரத்தையும் எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றமாக இருக்கும். இது முழுக்க மரமும் ஓடும். முகப்பில் இருக்கும் பூமுகத்தில் நிமிர்ந்து பார்த்தால் கூரையின் உட்பக்கத்தில் 90 பூக்கள் செதுக்கியிருக்கிறார்கள். ஒன்று மாதிரி இன்னொன்று இல்லை. மருமகள் கழுத்து வலிக்கும்வரை பார்த்துவிட்டு, "மாமா, ஒரே அச்சுல பண்ணியிருந்தா எவ்வளவு சீக்கிரம் முடிஞ்சிருக்கும்" என்றாள். ஒவ்வொரு பூவுக்கும் ஒரு தச்சர் தனியாக யோசித்திருக்கிறார் என்பது அவள் சொன்ன பிறகுதான் எனக்கு முழுதாக உறைத்தது.

மாடியில் மந்திரசாலை. அரசர் அமைச்சர்களோடு ஆலோசனை நடத்திய அறை. சின்ன அறைதான். சுற்றிலும் மரச்சட்டம் போட்ட சாய்வுச் சன்னல்கள். வெயில் உள்ளே வராது, காற்று வரும். வெளியே வெயில் ஏறிக்கொண்டிருந்தது, உள்ளே குளிர்ச்சியாக இருந்தது. தரை கறுப்புக் கண்ணாடி. தேங்காய்ச் சிரட்டைக் கரி, சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு எல்லாம் சேர்த்து இழைத்தது என்று வழிகாட்டிகள் சொல்கிறார்கள். வெறுங்காலில்தான் நடக்க வேண்டும். சன்னல் சட்டங்களின் நிழல் வரிவரியாக அந்தத் தரையில் விழுந்திருக்க, அம்மா மிதிக்கவே தயங்கி ஓரமாக நடந்தார்.

இந்த அரண்மனையில் பார்க்க வேண்டியவை ஏராளம். ஒற்றைப் பலா மரத்தில் கடைந்தெடுத்த தாய்க்கொட்டாரத்துத் தூண், ஒரு மாடிக்கு 1000 பேர் உட்கார்ந்து சாப்பிடக்கூடிய ஊட்டுப்புரை, தேர்த் திருவிழாவை அரசர் பார்த்த அம்பாரி முகப்பு, கல்லால் ஆன நவராத்திரி மண்டபம். எல்லாவற்றையும் விட எங்கள் பயணத்துக்குப் பொருள் கொடுத்தது நான்கு நிலை கொண்ட உப்பரிகை மாளிகை. 1750 ஜனவரியில் மார்த்தாண்ட வர்மா தன் அரசையே பத்மநாபசுவாமிக்குத் தானமாக எழுதிவைத்துவிட்டு, அவருடைய தாசனாக ஆளத் தொடங்கினார். அந்த மாளிகையின் மேல்நிலை சாமிக்கு உரியது. அங்கே இருக்கும் உடைவாளை ஆண்டுதோறும் நவராத்திரிக்கு முன்னால் வெளியே எடுத்துக் கைமாற்றுகிறார்கள். அதோடு ஊர்வலம் புறப்படுகிறது. பத்மநாபபுரம் சரஸ்வதி, வேளிமலை குமாரசுவாமி, சுசீந்திரம் முன்னுதித்த நங்கை, மூவரும் குழித்துறையிலும் நெய்யாற்றின்கரையிலும் இரவு தங்கித் திருவனந்தபுரம் போய்ச் சேர்கிறார்கள். களியக்காவிளையில் போலீஸ் அணிவகுப்பு மரியாதை உண்டு. தலைநகரம் இடம் மாறிய பிறகும் சாமிகள் பழைய ஊரிலேயே தங்கிவிட்டார்கள், பண்டிகைக்கு மட்டும் புதிய ஊருக்குப் போய்வருகிறார்கள். நாங்கள் அன்று போகப்போவதும் அதே சாலை என்று அக்கா சொன்னதும் அம்மாவுக்குப் பயணமே வேறாகிவிட்டது. அதுவரை கோயிலுக்குப் போகிற வழியில் ஒரு இடைநிறுத்தமாகத்தான் இதை நினைத்திருந்தார்.

முதியவர்களோடு போகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். உள்ளே மரப்படிகள் குறுகல், செங்குத்து. நிலைப்படிகளில் குனிந்து போக வேண்டும். பாதையும் பெரும்பாலும் ஒருவழி, நடுவில் திரும்புவது கடினம். அம்மா மந்திரசாலை வரை வந்துவிட்டு, பிறகு கீழே முற்றத்தில் அக்காவோடு உட்கார்ந்துகொண்டார். அதற்கே அவருக்கு அரை மணி நேர ஓய்வு தேவைப்பட்டது. இங்கே இரண்டரை மணி நேரம் ஒதுக்கியிருந்தது சரியான முடிவு.

அரண்மனையிலிருந்து சில கிலோமீட்டரில் புலியூர்க்குறிச்சியில் உதயகிரிக் கோட்டை. 1741ல் குளச்சலில் டச்சுக்காரர்களைத் தோற்கடித்தபோது பிடிபட்ட டிலனாய், பிறகு மார்த்தாண்ட வர்மாவின் படைக்கே தளபதியாகி, இந்தக் கோட்டையைப் பலப்படுத்தி, பீரங்கி வார்க்கும் உலையும் வைத்தார். 1777ல் இறந்த அவருடைய கல்லறை உள்ளே இருக்கிறது, லத்தீனிலும் தமிழிலும் கல்வெட்டோடு. இடிந்த சிற்றாலயச் சுவர்களுக்கு நடுவே அந்தக் கல்லைப் பார்க்க இருபது நிமிடம் போதும். பக்கத்தில் திருவட்டாறு ஆதிகேசவப் பெருமாள் கோயில் இருக்கிறது, அதை விட்டுவிட்டோம். நடை சாத்தும் நேரத்துக்குள் போய்ச் சேர்வது முடியாது என்று கணக்குப் போட்டதால் அம்மாவும் ஒப்புக்கொண்டார்.

எல்லையும் பலராமபுரமும்

மார்த்தாண்டத்தில் மதியச் சாப்பாடு, மேம்பாலம், குழித்துறை, களியக்காவிளை. அதற்கு அந்தப் பக்கம் பாறசாலை. 1956 நவம்பர் 1ல் அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. அதற்கு மார்ஷல் நேசமணி தலைமையில் நடந்த போராட்டமும், 1954 ஆகஸ்ட் 11ல் துப்பாக்கிச் சூட்டில் உயிர்விட்டவர்களும் காரணம். நிலம் இந்தப் பக்கம் வந்தது. அரண்மனையை மட்டும் இன்றும் கேரளத் தொல்லியல் துறை பராமரிக்கிறது. காலையில் அங்கே மலையாளப் பலகைகளைப் பார்த்து மருமகள் கேட்ட கேள்விக்கு இந்த எல்லையில் வைத்துப் பதில் சொன்னது நல்லதாகப் போயிற்று. பாடப்புத்தகத்தில் ஒரு வரியாகப் படித்தது அவளுக்கு இங்கே சாலையாகக் கண்ணுக்குத் தெரிந்தது.

எல்லையைத் தாண்டியதும் ஒரு தேர்வு இருக்கிறது. காரோட்டில் தொடங்கும் புறவழியில் ஏறினால் கோவளத்தை ஒட்டி நகரத்துக்குச் சீக்கிரம் போய்விடலாம். நாங்கள் போகும்போது பழைய சாலையிலும், திரும்பும்போது புறவழியிலும் வந்தோம். பழைய சாலையைப் பிடிக்கக் காரணம் பலராமபுரம்.

பலராம வர்மா காலத்தில், அதாவது 1798க்கும் 1810க்கும் நடுவில், திவான் உம்மிணித் தம்பி தெற்கிலிருந்து சாலியர் நெசவாளர்களைக் கூட்டிவந்து இங்கே குடியமர்த்தினார். புதிய தலைநகரத்துக்கு, அதன் அரண்மனைக்கு, கோயிலுக்குத் துணி வேண்டியிருந்தது. சாலியர் தெருவில் ஒரு வீட்டில் தறி பார்க்க அனுமதித்தார்கள். குழித்தறி. தரையில் வெட்டிய குழிக்குள் காலை விட்டு, தரை மட்டத்தில் உட்கார்ந்து நெய்கிறார்கள். மிதிபலகை குழிக்குள்ளே. ஊடை நூல் சுற்றிய நாடாவைக் கையால் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் எறிந்து பிடிக்கிற முறை, விசைக் கயிறு இல்லை. அதனால் ஒரு நாளைக்கு ஏறுவது கொஞ்சம்தான். கரைக்கு வந்ததும் சரிகை இழையைத் தனியாகக் கோத்து வாங்குகிறார். முடிந்த துணியைப் புரட்டிக் காட்டியபோது எது உள்பக்கம், எது வெளிப்பக்கம் என்று எங்களால் சொல்ல முடியவில்லை. அங்கிருந்த பெரியவரிடம் அம்மா தமிழில் கேட்டார், அவரும் தமிழிலேயே சொன்னார்: "நாங்க நாகர்கோயில் பக்கத்துல இருந்து வந்தவங்கதாம்மா, ஏழெட்டுத் தலைமுறை ஆச்சு."

அவர் சொன்ன இன்னொன்று மனதை அறுத்தது. தெருவில் முன்பு விடியற்காலையில் பாவு விரித்துக் கஞ்சி போடுவார்களாம், தெரு முழுக்க வெள்ளையாக நீண்டு கிடக்குமாம். இப்போது அப்படி விரிக்கிற வீடுகள் குறைந்துவிட்டன. பிள்ளைகள் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். 2009ல் புவிசார் குறியீடு கிடைத்தும், பலராமபுரம் என்று பெயர் போட்டு விசைத்தறித் துணி விற்பது நிற்கவில்லை. கைத்தறிதான் வேண்டும் என்றால் சாலையோரக் கடையில் நிற்காமல் தெருவுக்குள் போங்கள். விலை கூடத்தான், அந்தக் கூடுதல் பணம் தறியில் உட்கார்ந்திருப்பவருக்குப் போகிறது. அக்கா புடவையும், எங்களுக்கு வேட்டிகளும் எடுத்தாள். அந்த வேட்டிகள் மாலையே வேலைக்கு வந்தன.

கிழக்கே கோட்டை, மாலை

நகரத்துக்குள் கரமனை வழியாக நுழைந்தோம். இந்தப் பயணத்தின் ஒரே தொல்லை இங்கேதான். கோட்டைக்குப் பக்கத்தில் பதிவு செய்திருந்த விடுதியில் வண்டி நிறுத்த இடம் உண்டு என்று தொலைபேசியில் சொல்லியிருந்தார்கள். போய் நின்றால், தெருவில் எங்காவது நிறுத்திக்கொள்ளுங்கள் என்றார்கள். சனிக்கிழமை மாலையில் கிழக்கே கோட்டையில் காருக்கு இடம் தேடுவது எளிதில்லை. முக்கால் மணி நேரம் அதில் போனது. கட்டண நிறுத்தத்தில் விட்டுவிட்டு ஆட்டோவில் வந்தோம். 3 மணி சுமாருக்கு ஊருக்குள் வந்திருந்ததால் தரிசனம் தப்பியது. மாலைத் திறப்புக்கு ஒரு மணி நேரமாவது இடைவெளி வைத்து ஊர் சேர வேண்டும் என்பதற்கு இதுவே சான்று.

கோயிலுக்குள் ஆண்கள் மேல்சட்டை இல்லாமல் வேட்டியோடு போக வேண்டும். பெண்களுக்குப் புடவை, பாவாடை. சுடிதார் போட்டிருந்தால் மேலே வேட்டியைச் சுற்றிக்கொள்ளலாம். கைபேசி அனுமதி இல்லை, வெளியே வைத்துவிட வேண்டும். மதியம் வாங்கிய பலராமபுரம் வேட்டியைக் கட்டிக்கொண்டு ஏழு நிலைக் கோபுரத்துக்குக் கீழே நின்றோம். எந்தக் கோயிலுக்காக அந்த நெசவாளர்களைக் கூட்டிவந்தார்களோ, அதே கோயிலுக்கு.

நம்மாழ்வார் பாடிய தலம், 108 திவ்ய தேசங்களில் ஒன்று. ஒற்றைக்கல் மண்டபத்தில் ஏறி நின்றால் மூன்று வாசல். முதல் வாசலில் திருமுகமும், சிவலிங்கத்தின் மேல் தாழ்ந்திருக்கும் வலக்கையும். நடுவாசலில் நாபிக்கமலம். மூன்றாவதில் திருவடி. 18 அடி நீள அனந்தசயனம், ஒரே பார்வையில் அடங்காது. 12,008 சாளக்கிராமங்களைக் கொண்டு, கடுசர்க்கரை என்ற கலவையால் ஆன திருமேனி. 1686ல் நெருப்பில் கோயில் பாழான பிறகு, இன்று நாம் காணும் உருவத்தை மார்த்தாண்ட வர்மா காலத்தில் அமைத்தார்கள். விளக்கொளியில் ஒவ்வொரு வாசலிலும் சில நொடிதான் நிற்க விடுகிறார்கள். அம்மா மூன்றாவது வாசலை விட்டு நகராமல் நின்றதால் காவலர் மெல்லச் சொல்ல வேண்டியிருந்தது.

இந்த வாசலைப் பற்றி இன்னொன்றையும் மருமகளிடம் சொன்னேன், சொல்லாமல் விடுவது சரியில்லை என்று தோன்றியது. 1936 நவம்பர் 12ல் மன்னர் சித்திரைத் திருநாள் கோயில் நுழைவுப் பிரகடனம் வெளியிடும்வரை, இந்த அரசின் கோயில்களுக்குள் பெருவாரியான மக்கள் காலெடுத்து வைக்க முடியாது. காலையில் நாம் கடந்துவந்த அதே தெற்குப் பகுதியில் நாடார் பெண்கள் மார்பை மறைத்து உடுத்தும் உரிமைக்காகப் பல பத்தாண்டுகள் அடிவாங்கிப் போராடினார்கள். 1859ல்தான் அரசு இறங்கிவந்தது, அதுவும் முழு உரிமையாக இல்லை. சாமித்தோப்பு அய்யா வைகுண்டரை இதே திருவனந்தபுரத்துக்குக் கொண்டுவந்து சிங்காரத்தோப்பில் சிறைவைத்தார்கள். பூமுகத்துப் பூக்களை வியந்து பார்த்த நமக்கு இதுவும் தெரிந்திருக்க வேண்டும். தெற்கிலிருந்து வரும் சாலை இந்த இரண்டையும் சேர்த்தே காட்டுகிறது.

வெளியே வந்தபோது 7 மணி கடந்திருந்தது. கோயில் குளத்துக்கு எதிரே மேத்தன் மணி. ஒரு மணிக்கு ஒரு முறை, தாடிக்கார முகம் வாயைத் திறக்க, இரண்டு பக்கமும் ஆட்டுக்கடாக்கள் கன்னத்தில் முட்டும். 8 மணி அடிப்பதைப் பார்க்கப் பத்துப் பன்னிரண்டு பேர் காத்திருந்தார்கள், எங்களையும் சேர்த்து. பிறகு 'சாலை' என்றே பெயர் கொண்ட கடைத்தெரு. திவான் ராஜா கேசவதாஸ் 18ம் நூற்றாண்டின் இறுதியில் உண்டாக்கிய சந்தை. அவரும் இன்றைய கன்னியாகுமரி மாவட்டப் பகுதியில் பிறந்தவர்தான். மொத்த வியாபாரக் கடைகளில் தமிழ் காதில் விழுந்துகொண்டே இருக்கும். நேந்திரங்காய் வறுவல் சூடாக வாங்கினோம். இது சனிக்கிழமையே பார்க்க வேண்டிய இடம், ஞாயிறு பெரும்பாலான கடைகள் இல்லை. இரவுச் சாப்பாட்டில் இலையில் போளியை வைத்து அதன் மேல் பால் பாயசத்தை ஊற்றினார்கள். திருவனந்தபுரத்து வழக்கம். அத்தான் இரண்டாவது முறையும் கேட்டு வாங்கினார்.

ஞாயிறு முற்பகல்

விடிந்ததும் ஆற்றுகால். கோட்டையிலிருந்து இரண்டு கிலோமீட்டர்தான். ஆற்றுகால் பகவதியைக் கண்ணகியாகவே இங்கே வணங்குகிறார்கள். மதுரையை எரித்துவிட்டுத் தெற்கே வந்து, கொடுங்கல்லூருக்குப் போகும் வழியில் இந்த ஆற்றங்கரையில் தங்கினாள் என்பது தலக்கதை. கோபுரச் சிற்பங்களில் அந்தக் கதை இருக்கிறது. மாசியில் நடக்கும் பொங்கல் விழாவில் பெண்கள் நகரத்தின் தெருக்கள் முழுக்க அடுப்பு மூட்டுகிறார்கள். 2009ல் 25 லட்சம் பெண்கள் என்று கின்னஸ் பதிவு செய்திருக்கிறது. மதுரைக்காரர்களான எங்களுக்கு இந்தக் கோயிலில் வேறு யாருக்கும் இல்லாத ஒரு உறவு இருப்பதாகவே பட்டது. அம்மா அர்ச்சனைக்கு ஊர்ப் பெயரையும் சேர்த்துச் சொன்னார்.

குதிரமாளிகை கோயிலை ஒட்டியே இருக்கிறது. சுவாதித் திருநாள் கட்டியது. இறவாணத்துக்குக் கீழே வரிசையாக 122 மரக் குதிரைகள். 33 வயதில், 1846ல் அவர் இறந்துபோனதால் இங்கே வாழ்ந்தது கொஞ்ச காலம்தான். தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலு அவருடைய அவையில் இருந்தார். 1834ல் தந்தத்தால் ஆன வயலினை அரசர் அவருக்குப் பரிசாகக் கொடுத்தார். வயலின் கர்நாடக இசையில் நிலைபெற்ற கதையில் இந்த நகரத்துக்கும் பங்கு உண்டு. ஜனவரி முதல் பாதியில் இந்த மாளிகை முற்றத்தில் சுவாதி இசைவிழா நடக்கிறது. அந்த வாரத்தில் வரும்படி பயணத்தை வைத்துக்கொள்ள முடிந்தால் வேறு எதைப் பற்றியும் கவலைப்பட வேண்டியதில்லை.

அங்கிருந்து மகாத்மா காந்தி சாலையில் வடக்கே. செயலகத்துக்கு எதிரே ஸ்டாச்சு சந்திப்பில் சிலையாக நிற்பது மாதவராவ். கும்பகோணத்தில் பிறந்து 1857 முதல் 1872 வரை இங்கே திவானாக இருந்தவர். செயலக வளாகத்தில் வேலுத்தம்பி, தலக்குளத்துக்காரர். நாங்கள் வண்டியை நிறுத்தவில்லை. முதல் நாள் சாலையில் கேட்ட பெயர்கள் சிலைகளாக வந்துகொண்டிருந்தன. அவ்வளவே போதும்.

1880ல் ராபர்ட் சிஷோம் கட்டிய நேப்பியர் அருங்காட்சியகத்தில் மருமகள் சிலைகளை விட்டுவிட்டுச் சுவரையும் சன்னலையும் பார்த்துக்கொண்டிருந்தாள். சென்னைப் பல்கலைக்கழகத்தின் செனட் மண்டபத்தைக் கட்டிய அதே சிஷோம். இங்கே கேரளக் கூரையைச் சேர்த்து, காற்று தானாக ஓடும்படி கட்டியிருக்கிறார். பத்மநாபபுரத்து மந்திரசாலைச் சன்னலை அவர் பார்த்திருப்பாரோ என்று அவள் கேட்டாள். பக்கத்திலிருக்கும் கலைக்கூடத்தில் ரவிவர்மாவின் படங்களுக்கு முன்னால் அக்காவும் அம்மாவும் அரை மணி நேரம் உட்கார்ந்தார்கள். உயிரியல் பூங்காவுக்குள் போகவில்லை. அதற்கு அரை நாள் வேண்டும்.

கடைசியாகத் தம்பானூரில், பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் லாரி பேக்கரின் இந்தியன் காபி ஹவுஸ். செங்கல் கோபுரம், உள்ளே சுழன்று சுழன்று ஏறும் சரிவு. வெளிச்சுவரை ஒட்டிச் சரிவிலேயே மேசையும் இருக்கையும் கட்டியிருக்கிறார்கள், ஆனாலும் தட்டு சாயவில்லை. சுவரில் விட்ட ஓட்டைகள் வழியாக வெளிச்சமும் காற்றும். படி இல்லாததால் அம்மாவால் இரண்டு சுற்று ஏற முடிந்தது. அந்த இரண்டு நாளில் முழங்காலை நினைக்காமல் அவர் ஏறிய ஒரே கட்டிடம் இதுதான். விசிறித் தலைப்பாகைப் பணியாளர் கொண்டுவந்த கட்லெட்டும் காபியும் முடித்து, 1.30க்கு வண்டியை எடுத்தோம்.

திரும்பிய பிறகு போட்ட கணக்கு

புறவழியில் காரோடு வரை சிமெண்ட் சாலையில் வேகமாக வந்தாலும், மார்த்தாண்டம், தக்கலை நெரிசல் திரும்பவும் பிடித்தது. இருட்டுவதற்குள் திருநெல்வேலியைத் தாண்டிவிட்டோம். மதுரைக்கு 8.30. கடைசி இரண்டு மணி நேரம் மட்டும் இருட்டு, அதை நான் ஓட்டினேன்.

விட்டவை: கோவளம், விழிஞ்ஞம், திருவட்டாறு, உயிரியல் பூங்கா, பாளையத்தில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் பள்ளிவாசல், தேவாலயம், கணபதி கோயில். இதில் எனக்கு வருத்தம் பாளையத்தில் இறங்காதது மட்டுமே. கடற்கரையைச் சேர்த்திருந்தால் பலராமபுரமோ உதயகிரியோ போயிருக்கும், அந்த மாற்றத்துக்கு நான் சம்மதிக்க மாட்டேன். கடற்கரை நமக்கு வேறு இடங்களிலும் உண்டு.

திருநெல்வேலி, நாகர்கோயில் பக்கத்திலிருந்து கிளம்புகிறவர்களுக்கு நேரம் நிறைய மிச்சம். அவர்கள் சனி காலையில் திருவட்டாற்றை முதலில் முடித்துவிட்டு அரண்மனைக்கு வரலாம். சென்னையிலிருந்து காரில் இதை இரண்டு நாளில் முயல வேண்டாம். ரயிலில் நாகர்கோயில் வந்து, அங்கே வண்டி எடுத்துக்கொள்வது உத்தமம். பத்மநாபசுவாமி கோயிலின் ஐப்பசி, பங்குனித் திருவிழா ஆறாட்டு நாளில் சாமி நீராடச் சங்குமுகம் கடற்கரைக்கு விமான ஓடுபாதையைக் கடந்து போவதால் விமான நிலையத்தையே சில மணி நேரம் மூடுகிறார்கள். பார்க்கக் கொடுத்துவைக்க வேண்டும், ஆனால் அன்றைக்கு வேறு எந்தத் திட்டமும் நடக்காது. ஆற்றுகால் பொங்கல் அன்றும் அப்படித்தான், நகரத்துக்குள் கார் நகராது. திங்களும் சேர்ந்து நீண்ட விடுமுறை வந்தால், அந்தத் திங்களைத் திரும்பும் நாளாக வைத்துக்கொள்ளுங்கள். அரண்மனை, குதிரமாளிகை, அருங்காட்சியகம் மூன்றும் அன்று பூட்டியிருக்கும்.